பயிருக்கு வேலியா, பதவிக்கு வேலியா?

"காப்பு" என்பது தமிழரின் இல்லத்திலே பிறந்த சொல். குழந்தையின் கையிலே காப்பணிந்து கண்ணேறு கழிப்பது நம் மரபு. பிள்ளைத்தமிழ் பாட வந்த புலவர்கள் எடுத்துக்கொண்ட முதற் பருவமும் காப்புப் பருவமே. இத்துணைப் பழமையும் பரிவும் வாய்ந்த சொல்லை இந்நாட்டின் சட்டப் புத்தகத்திலே ஏற்றி வைத்தனர் ஆட்சியாளர். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திற்கு "நிகழ்நிலைக் காப்புச் சட்டம்" என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் நம் தாய்மார் மகிழ்ந்திருப்பர். கைத்தொலைபேசியும் கையுமாய்த் திரியும் பிள்ளைகளுக்கு இனியேனும் ஒரு காவல் கிடைத்தது என்று எண்ணியிருப்பர். அந்தக் காப்பு எவர் கையிற் பூட்டப்பட்டது? பிள்ளையின் கையிலா, பேசுவோர் கையிலா? இதுவே நாம் எழுப்பும் வினா.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 2023 செப்டெம்பரில் இச்சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாயிற்று. அதனை எதிர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்தை அடைந்தன. முப்பத்தொரு வாசகங்கள் திருத்தப்பட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. ஒரு சட்டமூலத்தில் முப்பத்தொரு வாசகங்கள் பழுது என்றால், அதனை வரைந்தவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ? ஆயினும் 2024 ஜனவரி 24ஆம் நாள் 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் விழ, அது நிறைவேறிற்று. பெப்ரவரி முதலாம் நாள் சபாநாயகர் கையொப்பமிட்டார். நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொணர்ந்தனர். மார்ச்சு மாதத்தில் 117க்கு 75 என்ற கணக்கில் அதுவும் தோற்றது. இத்தனை அவசரமும் இத்தனை பிடிவாதமும் எவருக்காக?

சட்டத்தின் நெஞ்சத்தைத் திறந்து பார்ப்போர்க்கு விடை தெரியும். சனாதிபதி அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கும் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழு. எது பொய், எது மெய், எது தடுக்கப்பட்ட கூற்று என்று சொல்லும் அதிகாரம் அதன் கையில். பொய்யென்று கருதப்படும் கூற்றுக்காக ஐந்தாண்டு வரையிற் சிறைக்கு இடமுண்டு. சிறுவர் துஷ்பிரயோகம் பற்றியும் அதில் ஒரு பிரிவு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவைத் தாங்கி நிற்பதற்காகவா இத்தனை பெரிய மாளிகை எழுப்பப்பட்டது? சிறுவரின் ஆபாசப் படங்களை எடுத்தலும் வைத்திருத்தலும் பரப்புதலும் 1995ஆம் ஆண்டிலேயே தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவால் குற்றமாக்கப்பட்டன. கணினிச் சேவை வழங்குவோர் தம் சேவை சிறுவரைச் சீரழிக்கப் பயன்படாதவாறு தடுக்க வேண்டும் என்ற கடமை 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தால் விதிக்கப்பட்டது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. 2007இல் கணினிக் குற்றச் சட்டமும் வந்தது. ஆகவே பிள்ளையைக் காக்கும் வாள் முன்னரே உறையில் இருந்தது. அதனை உருவுவதற்குக் கை இல்லை. கை இருந்த இடத்தில் மனம் இல்லை. புதிய சட்டத்திற்குப் பிள்ளை ஒரு கேடயமாக மட்டுமே பயன்பட்டது. கேடயத்தின் பின்னே நின்றவர்கள் அரசியல்வாதிகள்.

தமிழ் பேசும் மக்களுக்கு இந்தக் கூத்து புதிதன்று. "மாணவரைக் காக்கின்றோம்" என்ற அதே பெயரால் அஃனாஃப் ஜசீம் என்னும் இளம் ஆசிரியர் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். அவர் செய்த குற்றம் "நவரசம்" என்றொரு தமிழ்க் கவிதை நூல் எழுதியது. தமிழறியாதார் கண்ணுக்கு அக்கவிதை தீவிரவாதமாகத் தோன்றிற்று. 2021 டிசம்பரிலேதான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரிலேதான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் இழந்த ஆண்டுகளை எந்த ஆணைக்குழு திருப்பிக் கொடுக்கும்? 2024 நவம்பரிலும், புதிய ஆட்சி வந்த பின்னரும், மாவீரர் நாளையொட்டிய முகநூற் பதிவுகளுக்காக அதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கைதுகள் நடந்தன. முகநூலில் ஒரு தமிழ் இளைஞன் இட்ட பதிவைக் கண்டுபிடிக்க அரசாங்கத்திற்கு ஆயிரம் கண்கள் உண்டு. முகநூலில் ஒரு தமிழ்ச் சிறுமியை மிரட்டும் கயவனைக் கண்டுபிடிக்க மட்டும் கண் ஒன்றும் இல்லையா?

பலகணியும் படுகுழியும்

வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளைப் பாருங்கள். 1983க்குப் பின்னரும் 1990களிலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பெயர்ந்து வந்து வேரூன்றிய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தந்தை ஒரு நாட்டில், தமையன் ஒரு நாட்டில், தாயும் பிள்ளையும் இங்கே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வரும் அன்பளிப்பு, பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசி. தந்தையின் முகத்தை மகன் காண்பது அந்தச் சின்னஞ்சிறு பலகணியினூடாகத்தான். கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். துறைமுகத்தையும் கடைத்தெருவையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவே பாடநூல், அதுவே விளையாட்டுத் திடல், அதுவே நண்பர் கூடும் சந்தி. தெருவிலே விளையாட இடமில்லாத மாநகரத்தில் பிள்ளை வேறெங்கே போகும்?

இந்தக் கருவியைப் பிள்ளையின் கையிலே திணித்தது பிள்ளையின் ஆசை மட்டுமன்று. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளை நோயால் பள்ளிகள் பூட்டப்பட்டன. அன்றுமுதல் வட்ஸ்அப்பிலே பாடம், சூமிலே வகுப்பு, தொலைபேசியிலே பயிற்சித்தாள் என்று கல்வி அதிகாரிகளே கட்டளையிட்டனர். தொலைபேசியைத் தொட்டால் அடி விழுந்த வீட்டில், தொலைபேசியைத் தொடாவிட்டால் அடி விழுந்தது. ஊவாவின் மலைக்கிராமங்களில் அலைவரிசை தேடிப் பிள்ளைகள் குன்றேறிய காட்சியை உலகமே கண்டது. நோய் ஓய்ந்தது, பள்ளி திறந்தது, தொலைபேசி மட்டும் பிள்ளையின் கையை விட்டுப் போகவில்லை. வீதியில் இறக்கிவிடும்போது இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். உலகமனைத்தும் திரண்டு வரும் இந்த வீதியில் பிள்ளையை இறக்கிவிட்ட கல்வி அமைச்சு என்ன சொல்லிக் கொடுத்தது?

இது கொழும்புத் தமிழரின் கவலை மட்டுந்தானே என்று வன்னியின் உழவர் பெருமக்கள் எண்ணிவிட வேண்டாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெல் விற்ற காசைக் கட்டி, உயர்தரம் படிக்கவும் கணக்கியல் படிக்கவும் மகனையும் மகளையும் வெள்ளவத்தை அறைகளுக்கு அனுப்புகின்றவர் நீங்களே. வயலிலே பன்றி புகுந்தால் வெடிகொளுத்தி விரட்டத் தெரிந்த தந்தைக்கு, மகளின் அறையிலே புகும் பன்றியைக் காணவும் முடிவதில்லை. அது வரம்பு உடைத்து வருவதில்லை. "நண்பனாகச் சேர்த்துக்கொள்" என்று கைகூப்பி வருகின்றது.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியிலே தெகிவளையைக் கடந்தால் கல்கிசை. அங்கேதான் 2021ஆம் ஆண்டு பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தின் வழியே பல மாதங்களாக விற்கப்பட்ட கொடுமை வெளியாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். மதகுரு, மருத்துவர், வெளிநாட்டவர் என்று சமூகத்தில் மதிப்புடையோரும் அவருள் இருந்தனர். ஒளிந்து மறைந்து நடந்த வியாபாரமா அது? விளம்பரம் செய்து நடந்த வியாபாரம். விளம்பரத்தைக் கண்டவர் எத்தனை பேர்! கண்டும் வாய் திறவாதவர் எத்தனை பேர்! 2006ஆம் ஆண்டுச் சட்டம் அன்று எங்கே உறங்கிற்று?

2025ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவியின் மரணம் தமிழ்ச் சமூகத்தை உலுக்கியது. மக்கள் நீதி கேட்டு வீதியில் இறங்கினர், இறங்கியது முறையே. வழக்கின் உண்மைகளை நீதிமன்றம் ஆராயும். அதனுள் நாம் புகவில்லை. ஆனால் நீதி கேட்டவர் கைகளாலேயே அப்பிள்ளையின் பெயரும் முகமும் ஆயிரமாயிரம் திரைகளிலே பரவிய காட்சியை நாம் மறத்தல் இயலாது. உயிரோடிருக்கும்போது பிள்ளையின் சொல்லைக் கேட்க ஆளில்லை. மறைந்த பின் பிள்ளையின் படத்தைப் பகிர ஊரே திரண்டது. இரக்கத்தினாலே செய்தாலும் பிழை பிழையே. ஒரு பிள்ளையின் துயரம் ஊராரின் உடைமையன்று.

எந்த மொழியில் அழுவது?

பிள்ளை அச்சத்திலே அழும்போது தாய்மொழியில்தான் அழும். 1929 என்பது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம். அதனை நாம் வரவேற்கிறோம். ஒவ்வொரு தமிழ் வீட்டின் சுவரிலும் அவ்விலக்கம் எழுதப்பட வேண்டும் என்றும் சொல்கிறோம். ஆனால் நள்ளிரவிலே நடுங்கும் குரலில் ஒரு தமிழ்ச் சிறுவன் அழைத்தால், மறுமுனையிலே அவன் மொழி அறிந்தவர் எந்நேரமும் இருப்பார் என்பதற்கு அரசாங்கம் உத்தரவாதம் தருமா? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சி மொழி என்றது. ஏட்டிலே ஏறிய தமிழ் பொலிஸ் நிலையத்தின் மேசைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. தமிழிற் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, படிக்கத் தெரியாத தாளிலே கையொப்பம் கேட்கும் அநுபவம் நம்மவரிற் பலருக்கு உண்டு. வளர்ந்த ஆண்மகனுக்கே அது அவமானம். தன் உடலைப் பற்றியும் தன் படத்தைப் பற்றியும் சொல்ல நாக்கூசும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு அது எத்தகைய சித்திரவதை!

இங்கே அரசாங்கத்தை மட்டும் கூண்டிலேற்றினால் நீதியாகாது. கடல் கடந்த பெருங்கம்பனிகளும் அதே கூண்டில் நிற்க வேண்டியவை. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியிலும் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்முறை மூண்டபோது, சிங்கள மொழியிலே வழிந்த வெறுப்பை முகநூல் நிறுவனம் தடுக்கவில்லை. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நாட்டின் பெரும்பான்மையோர் மொழிக்கே அந்தக் கதி என்றால், தமிழுக்கு என்ன கதி? அதிலும் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்திலே தட்டுகின்றனர். அந்தக் கலவை மொழியில் வரும் மிரட்டலை எந்த இயந்திரம் படிக்கும்? இலாபத்தைத் தமிழிலே ஈட்டத் தெரிந்தவர்களுக்குக் காவலைத் தமிழிலே செய்யத் தெரியாது என்பது என்ன நியாயம்? கேட்க வேண்டிய அரசாங்கமோ, கலவரம் வந்தால் எல்லாத் தளங்களையும் ஒரேயடியாகப் பூட்டுவது, ஆர்ப்பாட்டம் வந்தால் மறுபடியும் பூட்டுவது என்று 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் வித்தை காட்டிற்று. பூட்டுத் தெரியும், காவல் தெரியாது.

பருவம் அறியாத காப்பு

தமிழ்ப் புலவன் குழந்தைப் பருவத்தை ஒன்றாகக் கண்டானில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனத் தொடங்கிச் சிறுதேர் வரையிற் பத்தாக வகுத்தான். தவழும் குழந்தைக்குத் தேரைக் கொடுப்பவன் மூடன். தேருருட்டும் சிறுவனைத் தொட்டிலிற் கட்டுபவனும் மூடனே. இந்த எளிய உண்மையைத்தான் நம் கல்வியாளர் இணைய விடயத்திலே மறந்தனர். ஆறு வயதுக்கும் ஒரே அறிவுரை, பதினேழு வயதுக்கும் ஒரே அறிவுரை: "போனைத் தொடாதே!"

எல்லாத் தளங்களும் சொல்லும் பதின்மூன்று என்ற வயதெல்லை எங்கிருந்து வந்தது தெரியுமா? உளநூலாரின் ஆராய்ச்சியிலிருந்து வந்ததன்று. அதற்குட்பட்ட வயதினரின் விபரங்களைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 1998இல் அமெரிக்க நாடு ஒரு சட்டம் செய்தது. அந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கம்பனிகள் வாசலிலே "பதின்மூன்று" என்று எழுதி மாட்டின. பிறந்த ஆண்டை மாற்றி எழுதினால் வாசல் திறக்கும். பிரித்தானியாவோ 2020இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிக்கோவையிலே, ஐந்து வரை, ஆறு முதல் ஒன்பது, பத்து முதல் பன்னிரண்டு, பதின்மூன்று முதல் பதினைந்து, பதினாறு பதினேழு என்று ஐந்து பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்தின் தேவையையும் கருத்திற்கொண்டு தளங்களை அமைக்கும்படி கம்பனிகளைப் பணித்தது. நம் பத்தைப் போல அவர்களுக்கு ஐந்து!

நம் பள்ளிகளுக்கு ஏற்ற பருவ வகுப்பை நாமே சொல்லுவோம். ஆரம்ப வகுப்புகளில், ஐந்து முதல் ஒன்பது வயது வரையில், தொலைபேசி பெரியவருடையது. பிள்ளை பார்ப்பதானால் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். ஏனெனில் அடுத்து ஓடுவதைத் தெரிவு செய்வது தாயல்ல, இயந்திரம். வீட்டு முகவரியையும் பள்ளியின் பெயரையும் அந்நியருக்குச் சொல்லலாகாது என்பதே இப்பருவத்தின் பாடம்.

பத்து முதல் பன்னிரண்டு வரை விளையாட்டின் பருவம். கயவன் இங்கே விளையாட்டுத் தோழனாக வருவான். இலவசமாகப் பரிசு தருவான்; பின்னர், "இங்கே வேண்டாம், வேறொரு செயலியிலே தனியாகப் பேசுவோம்; அம்மாவுக்குச் சொல்லாதே" என்பான். இரகசியம் கேட்பவன் நண்பனல்லன் என்ற ஒரே பாடத்தை இப்பருவத்திலே மனத்திற் பதித்தால், பாதி ஆபத்து நீங்கும்.

பதின்மூன்று முதல் பதினைந்து வரை மானத்திற்கு அஞ்சும் பருவம். ஒரு படத்தை வாங்கிவிட்டு, "இன்னும் அனுப்பு, காசு அனுப்பு, இல்லையேல் ஊருக்குக் காட்டுவேன்" என்று மிரட்டும் கொடுமை பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைகளுக்கும் நேர்கின்றது. இங்கே பிள்ளை அறிய வேண்டியவை மூன்று. இன்னொரு படமோ ஒரு சதமோ கொடுத்தல் கூடாது. கொடுத்தால் கேட்பது பெருகும். வந்த செய்திகளை அழித்தல் கூடாது, அவையே சாட்சி. நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் அன்றே சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் அத்தகைய படங்களை நீக்க "டேக் இட் டௌன்" என்றொரு இலவசச் சேவையை அமெரிக்கச் சிறுவர் காப்பு நிறுவனமொன்று 2023 முதல் நடத்துகின்றது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டுமே பிள்ளையின் கருவியிலிருந்து செல்லும். அதில் இணைந்த தளங்கள் அந்த எண்கோவைக்கு ஒத்த படத்தைக் கண்டு அகற்றும். இச்செய்தியை எத்தனை தமிழ்ப் பள்ளிகள் தம் மாணவருக்குச் சொன்னன?

பதினாறு முதல் பத்தொன்பது வரை, உயர்தர மாணவர் பருவம். வெளிநாட்டு வேலை, வெளிநாட்டுப் படிப்பு, உடனடிக் கடன் என்ற பெயர்களில் வரும் மோசடி ஒரு பக்கம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு தோழியின் முகத்தை அந்நிய உடலிலே பொருத்தும் கயமை மறுபக்கம். இப்பருவத்தார் காக்கப்பட வேண்டியவர் மட்டுமல்லர், குற்றவாளியாகவும் ஆகக்கூடியவர். வகுப்புத் தோழி பதினெட்டு வயதுக்குட்பட்டவளாயின், அவளுடைய தகாத படத்தைப் பகிடிக்காக அனுப்பினாலும் அது 286அ பிரிவின் வாயிலே போய் விழும் என்பதை அவர்களுக்கு அச்சமின்றி எடுத்துரைக்க வேண்டும். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

தடையும் தடுமாற்றமும்

"எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் முடிந்தது" என்பாரும் நம்மிடையே உளர். அவுஸ்திரேலியாவைக் காட்டுவர். பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கலாகாது என்னும் சட்டம் அங்கே 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மீறினால் கம்பனிக்கு 49.5 மில்லியன் டொலர் வரை தண்டம். அங்கே தண்டனை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அல்ல, கம்பனிக்கு என்பதை நம் தடைவாதிகள் கவனிக்க வேண்டும். அத்தகைய கம்பனியைத் தண்டிக்கும் துணிவு கொழும்பிலே எவருக்கு உண்டு? மேலும் வயதை நிறுவ வேண்டுமாயின் அடையாள அட்டையையோ முகத்தையோ காட்ட வேண்டி வரும். தேசிய அடையாள அட்டையைக் கையில் ஏந்தி வீதித்தடைகளிலே வரிசையில் நின்ற இனம் நம்மினம். நம் பிள்ளைகளின் முகங்களையும் விபரங்களையும் எவர் திரட்டுவார், எங்கே வைப்பார், எவருக்குக் கொடுப்பார் என்று கேளாமல் தலையாட்ட நம்மால் இயலாது. தனிப்பட்ட தரவைக் காக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியும், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வராமல் பின்போடப்பட்டன. வாயை அடைக்கும் சட்டத்திற்கு வந்த அவசரம், வீட்டுக் கதவை அடைக்கும் சட்டத்திற்கு வரவில்லை.

தடுமாற்றத்தின் உச்சியை 2025ஆம் ஆண்டு முடிவில் கண்டோம். ஆறாம் தர மாணவருக்காக அச்சிட்ட ஆங்கிலப் பாடத்தொகுதியிலே, பிள்ளைகளுக்குத் தகாத ஓர் இணையத்தளத்தின் பெயர் இடம்பெற்றது. விநியோகம் நிறுத்தப்பட்டது, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் முறைப்பாடு சென்றது, ஆறாம் தரச் சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. உடனே எதிர்க்கட்சியினர் ஒழுக்கத்தின் காவலராக வேடம் புனைந்தனர். கல்வி அமைச்சரான பிரதமர்மீது கண்டனக் கணைகள் பாய்ந்தன. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் யார்? இணைய முகவரி ஒன்று இன்று ஒருவரிடம் இருக்கும். அவர் கட்டணம் செலுத்தத் தவறினால் நாளை இன்னொருவரிடம் போகும். ஆதலால் பாடநூலில் அச்சேறும் ஒவ்வொரு முகவரியையும் எழுதும்போதும், அச்சிடும்போதும், கொடுக்கும்போதும் சோதிக்கும் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு உண்டா? பதினொரு வயதுப் பிள்ளைக்கு எது தகும் என்று பார்த்துக் கையொப்பமிடும் அதிகாரி உண்டா? அக்கேள்வியைக் கேட்டால் நாற்காலி கிடைக்காது. ஆகவே எவரும் கேட்டிலர்.

நம்மவர் வீட்டு வாசலிலும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வெளியாகும் நாளைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் படம், முழுப் பெயர், பள்ளி, புள்ளி அனைத்தும் முகநூலில் ஏறும். பள்ளி ஏற்றும், ரியூட்டரி ஏற்றும், மாமனும் மாமியும் ஏற்றுவர். பிள்ளையைத் தேடும் கயவனுக்கு இதைவிட ஒரு கைநூல் வேண்டுமா? வகுப்பு வட்ஸ்அப் குழுவிலே பிள்ளைகளின் இலக்கங்கள் எல்லோருக்கும் தெரியக் கிடக்கின்றன. ஆசிரியர் நள்ளிரவிலே மாணவிக்குத் தனிச் செய்தி அனுப்பினாலும் "பாடத்திற்காகவாக்கும்" என்று பெற்றோர் சமாதானம் கொள்கின்றனர். இறுதியிலே பிள்ளை துணிந்து வாய் திறந்தாலோ, "மானம் போய்விடும், வெளியே சொல்லாதே" என்று அதன் வாயைப் பொத்துகின்றனர். மானம் என்ற அந்த அச்சமே கயவனின் ஆயுதம். பிள்ளையின் வாயைப் பொத்தும் ஒவ்வொரு கையும் அவன் ஆயுதத்தைத் தீட்டிக் கொடுக்கும் கை.

ஆகவே நாம் கோருவன இவை. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலிருந்து கருத்தை ஒறுக்கும் பகுதிகள் நீக்கப்பட வேண்டும். சிறுவரைக் காக்கும் பகுதி தனித்து, தெளிவாக, தண்டனைச் சட்டக்கோவையோடு இசைந்து நிற்க வேண்டும். 1929இலும் பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்திலும் இரவு பகல் எந்நேரமும் தமிழறிந்த பெண் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழிற் சொன்ன முறைப்பாடு தமிழிலே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு தமிழ்மொழிப் பள்ளியிலும் பருவத்துக்கேற்ற இணையப் பாதுகாப்புப் பாடம், நாள் குறித்து, ஆசிரியரைப் பயிற்றி, நடத்தப்பட வேண்டும். ஆசிரியரும் ரியூட்டரி நடத்துவோரும் மாணவரோடு தனிச் செய்தி பரிமாறுவதற்கு எழுத்திலான விதி வேண்டும். பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளையின் படத்தையோ பெயரையோ விளம்பரமாக்குவோர் தண்டிக்கப்பட வேண்டும். இந்நாட்டிலே பணம் ஈட்டும் சமூக ஊடகக் கம்பனி ஒவ்வொன்றும் தமிழிலே முறைப்பாடு ஏற்று விடையளிக்கக் கடமைப்பட வேண்டும்.

வழக்கறிஞர்களே, மருத்துவர்களே, கணினித் துறை வல்லுநர்களே! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம் பிள்ளைகளுக்குத் தாருங்கள். கோயில் மண்டபத்திலோ தேவாலய மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ பெற்றோரைக் கூட்டி, இந்தக் கருவியின் இயல்பை எளிய தமிழிலே விளக்குங்கள். உழவர் பெருமக்களே! கொழும்பிலே படிக்கும் பிள்ளையிடம் "பணம் போதுமா?" என்று கேட்கும் அதே தொலைபேசியில், "யாரேனும் உன்னை வருத்துகின்றனரா?" என்றும் கேளுங்கள். "என்ன நடந்தாலும் உன்னை அடிக்கமாட்டேன், சொல்" என்று ஒருமுறை சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கும்.

வேலியே பயிரை மேய்ந்த கதை தமிழருக்குப் பாடமாக்கத் தேவையில்லை. வாழ்ந்து அறிந்த கதை. ஆட்சியாளர் தம் பதவியைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டு அதற்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டினர். அன்று எதிர்க்கட்சியில் இருந்து அந்த வேலியைக் கண்டித்தவர்கள் 2024இன் இறுதியில் நாடாளும் பொறுப்பை ஏற்றனர். கண்டித்த வாயாலே அவர்கள் அதனைப் பிடுங்கட்டும். பிடுங்கிய கழிகளைக் கொண்டு பயிரைச் சுற்றி வேலி கட்டட்டும். அதுவரை நாம் ஓயோம். தமிழ் பேசும் மக்களும் ஓய்தல் ஆகாது.